நேரம் பார்த்தவருக்கும் ஒரு மரியாதை

இங்கிலாந்தில் சாண்டி என்ற ஊருக்குப் பக்கத்தில், பழைய கிரேட் நார்த் சாலையோரம், ஒரு சிறிய நினைவுத் தோட்டம் இருக்கிறது. எஃப். டி. பிட்லேக் என்பவர் நினைவாக அமைத்தது. இளவயதில் வேகமான சைக்கிள் வீரர். பிறகு வாழ்நாளெல்லாம் ஸ்டாப் வாட்ச்சும் கையுமாக அடுத்தவர்களுக்கு நேரம் பார்த்தவர்.

சாலைப் பந்தயங்களைப் போலீஸ் விரட்டிய காலம் அது. சைக்கிள் சங்கமே அவற்றுக்குத் தடை போட்டுவிட்டது. பிட்லேக் ஒரு வழி கண்டார்: கூட்டமாக ஓட்டினால்தானே பந்தயம்? இடைவெளி விட்டு ஒவ்வொருவராகக் கிளம்பட்டும், கடிகாரம் தீர்ப்புச் சொல்லட்டும். 1895-இல் நார்த் ரோடு கிளப் 50 மைல் தூரத்துக்கு அப்படி நடத்தியது. அதன் பின் பல காலம், ஊர் எழுமுன் விடியற்காலையில், கழுத்து முதல் கணுக்கால் வரை கறுப்பு உடையில், பாதைக்குச் சங்கேதப் பெயர் வைத்துத்தான் ஓட்டினார்கள். இந்த முறையில் யார் முந்தினார் என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. சாலையோரத்தில் குளிரில் நிற்கும் அந்த ஒருவர் கணக்கெழுதிச் சொன்னால்தான் உண்டு. சம்பளமில்லாத வேலை.

சைக்கிளில் போகையில் கார் மோதி, 1933-இல் பிட்லேக் இறந்தார். அவர் பெயரில் ஏற்பட்ட நினைவுப் பரிசு சாதனைக்கும் உண்டு, சைக்கிள் உலகுக்குச் செய்த தொண்டுக்கும் உண்டு. இரண்டையும் ஒரே தட்டில் வைத்ததுதான் அதன் பெருமை.

பெரில் பர்ட்டன் இந்தப் பரிசை மூன்று முறை பெற்றவர். யார்க்‌ஷயரில் ருபார்ப் பண்ணையில் உடல் நோக உழைத்துக்கொண்டு, கடைசிவரை அமெச்சூராகவே ஓட்டியவர். 1967-இல் 12 மணி நேரப் போட்டியில் மைக் மெக்னமாராவை எட்டிப் பிடித்தார். அன்று ஆண்களுக்கான புதிய சாதனையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தவர் அவர். தாண்டும்போது பெரில் சட்டைப் பையிலிருந்து ஒரு அதிமதுர மிட்டாயை எடுத்து நீட்ட, அவர் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டார். பெரில் ஓட்டியது 277.25 மைல்; மெக்னமாரா 276.52. பெண்கள் பிரிவில் அந்தத் தூரத்தை 2017 வரை யாரும் தாண்டவில்லை. 1959 தொடங்கி 25 ஆண்டுகள் தொடர்ந்து பிரிட்டனின் சிறந்த பெண் ஆல்ரவுண்டர் பட்டமும் அவருக்கே.

‘சைக்கிளிங்’ பத்திரிகை 1932-இல் தொடங்கிய தங்கப் புத்தகத்திலும் பெரிலுக்கு ஒரு பக்கம் உண்டு. உலகத்திலேயே ஒரு பிரதிதான். ஆளுக்கொரு பக்கம், அதில் அவர் செய்ததை அழகுற எழுதி, சித்திரம் தீட்டியிருப்பார்கள். முதல் பக்கம் ஃபிராங்க் சவுத்தாலுடையது. ஓட்டியவர்களோடு, கிளப்பைக் கட்டிக் காத்த நிர்வாகிகளும் அதில் இருக்கிறார்கள். பக்கத்துக்கு உரியவரே வந்து கையெழுத்திடுவது வழக்கம். ஆள் இருக்கும்போதே, கையில் பேனா கொடுத்துச் செய்கிற மரியாதை. எந்தக் கோப்பையையும்விட எனக்கு இதுதான் பெரிதாகப் படுகிறது.