சிறிய மனிதன், பெரிய மலை

சமணனுக்கு விவிலியப் படத்தில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். நல்ல சரக்கு எந்தக் கடையில் இருந்தாலும் எட்டிப் பார்ப்பது வியாபாரியின் பழக்கம். அப்படித்தான் நான் ஜான் மார்ட்டினிடம் வந்து சேர்ந்தேன்.

இவர் 1789இல் வடக்கு இங்கிலாந்தில் பிறந்து 1854இல் மறைந்த ஓவியர். தம் ஓவியங்களைத் தாமே தகட்டில் செதுக்கி அச்சிட்டு விற்றவர். அந்த முறைக்கு 'மெசோடின்ட்' என்று பெயர். தகடு முழுவதையும் பல் வைத்த கருவியால் சொரசொரப்பாக்கி விடுவார்கள். அப்படியே மை பூசி அச்சிட்டால் தாள் முழுக்கக் கறுப்புதான். பிறகு வேண்டிய இடத்தைச் சுரண்டி வழவழப்பாக்கினால் அங்கே வெளிச்சம் பிறக்கும். இருட்டிலிருந்து ஒளியை எடுக்கும் வேலை என்று சொல்லலாம். செம்புத் தகடு சீக்கிரம் தேய்ந்துவிடும். மார்ட்டின் எஃகுத் தகட்டைப் பயன்படுத்தினார். பிரதிகள் நிறைய கிடைத்தன. பிரபுக்களின் மாளிகைக்கே உரிய காட்சி நடுத்தர வீட்டுச் சுவருக்கும் வந்தது.

1828இல் அவர் வெளியிட்ட 'பெருவெள்ளம்' படத்தைப் பாருங்கள். நோவா காலத்து ஜலப்பிரளயம். மலை சரிகிறது, மின்னல் வெட்டுகிறது, கடல் சுழல்கிறது. மனிதர்கள் எங்கே? பாறை விளிம்பில் எறும்புக் கூட்டம் போல ஒண்டிக் கிடக்கிறார்கள்.

இதைப் பார்த்து, 'இயற்கை பெரிது, மனிதன் தூசு, அவ்வளவுதான்' என்று பலர் முடித்துவிடுவார்கள். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் மார்ட்டின் தம் மலைகளின் உயரத்தைக் கணக்கிட்டது எதை வைத்துத் தெரியுமா? அந்தச் சின்ன மனித உருவங்களை வைத்துத்தான்! தராசில் படிக்கல் சிறியதுதான். அது இல்லாமல் மூட்டையின் எடை தெரியுமா? அந்த மனிதர்களை மறைத்துவிட்டுப் பாருங்கள். அது வெறும் புயல் படம். பயமும் இல்லை, இரக்கமும் இல்லை.

1827இல் வந்த 'யோசுவா' படமும் இப்படித்தான். கிபியோனில் சூரியனை நிற்கச் சொல்லிக் கை உயர்த்தும் யோசுவா, அந்தப் பெரிய வானத்தின் கீழே மிகச் சிறியவர். வெள்ளத்தில் மனிதன் தவிக்கிறான். இங்கே வானத்துக்கே ஆணையிடுகிறான். இரண்டிலும் உருவம் சிறியதுதான்.

மண்ணுக்கும் நீருக்கும் உயிர் உண்டு என்பது எங்கள் சமயக் கொள்கை. அதனால் அந்த வெள்ளத்தை நான் பகையாகப் பார்க்கவில்லை. ஆனால் அதன் நடுவே தவிக்கும் உயிர்களைத் தேடாமல் இருக்கவும் முடியவில்லை. மார்ட்டின் படம் கிடைத்தால் மலையை அப்புறம் பாருங்கள். முதலில் அந்தப் பாறை விளிம்பைப் பாருங்கள்.