செஞ்சிச் சீமைக் கணக்கோலைகளும் பதிப்பு நெறியும்

இலக்கியச் சுவடிகளைப் பதிப்பிக்கும் முறை டாக்டர் உ. வே. சாமிநாதையர் போன்றோரின் உழைப்பால் நம்மிடையே நிலைபெற்றுவிட்டது. கணக்கோலைகளுக்கு அத்தகைய நெறி இன்னும் வேரூன்றவில்லை. செய்யுளிற் பாடம் சிதைந்தால் யாப்புக் காட்டிக்கொடுக்கும்; கணக்கிற்குக் கூட்டுத்தொகையே யாப்பு. ஆயினும் தொகை பிழைத்த இடத்தைப் பதிப்பாசிரியர் சொல்லாமல் திருத்துதல் ஆகாது. அப்பிழை எழுதினவன் கைத்தவறாகவும் இருக்கலாம். மறைக்க வேண்டி வைத்ததாகவும் இருக்கலாம். ஓலையில் உள்ளதை உள்ளவாறே அச்சிட்டு, சரியான தொகையை அடிக்குறிப்பிற் காட்டுதலே தக்கது.

எண்ணுருக்கள் மிக்க விழிப்பை வேண்டுவன. ௧, ௨, ௮ என்பன முறையே க, உ, அ என்னும் எழுத்துக்களோடு மயங்கும். ஓலையின் தலைப்பில் இடும் பிள்ளையார் சுழியை இரண்டு என்று படித்துத் தொகையோடு சேர்த்துவிடுதல் புதியவர்க்கு எளிதில் நேரக்கூடியது. ௨௱௩௰ என்பதை 230 என அச்சிடலாம். ஆனால் மூலவடிவமும் உடன் நிற்றல் வேண்டும். ௶ என்னும் பற்றுக்குறியைச் 'செலவு' என விரித்தெழுதுவோரும் உளர். பற்றாவது ஒருவன் கைக்கொண்டு திருப்பித் தர வேண்டிய பொருள். அதனைச் செலவாக்கினால் ஒரு கடனே மறைந்துபோகும்.

இனி ஆண்டு. 'பிரமோதூத வருடம்' என்று மட்டும் குறித்த ஓலையொன்று செஞ்சிப் பக்கத்திற் கிடைப்பதாகக் கொள்வோம். அறுபதாண்டுச் சுழற்சியில் அது 1690, 1750, 1810 ஆகிய மூன்றனுள் எதுவாகவும் இருக்கலாம். முதலதாயின் கோட்டையில் மராட்டிய மன்னர் இராஜாராம் இருக்க மொகலாயர் முற்றுகை தொடங்கிய காலம். அடுத்ததாயின் பிரெஞ்சுக்காரர் கோட்டையைக் கைப்பற்றிய ஆண்டு. இறுதியதாயின் ஆங்கிலக் கம்பெனி ஆட்சி. களஞ்சியத்திற்கு அளந்த நெல் எவர்க்குச் சென்றது என்பதே இதனால் மாறுகின்றதன்றோ? தேதியோடு கிழமையும் திதியும் உளவாயின் கணித்துத் துணியலாம். இல்லையேல் ஆங்கில ஆண்டினை ஏற்றிக் கூறாது விடுதலே நேர்மை. ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் இருவகை ஆண்டுகளையும் எழுதிவைத்தது நமது நற்பேறு.

நாணயத்தைத் தசமத்திற்கு மாற்றுதலும் கூடாது. சென்னைக் கணக்கில் வராகன் ஒன்றுக்குப் பணம் 42, பணம் ஒன்றுக்குக் காசு 80. எனவே ஒரு காசு வராகனில் 3360-இல் ஒரு பங்கு. இதனைத் தசமத்தில் எழுதப் புகின் முடிவு காணாது. பிற இடங்களில் இவ்விகிதம் வேறுபட்டதால், எந்த ஊர் வழக்கு என்பதை முகவுரையிற் கூறுதல் இன்றியமையாதது. 'காணி' என்பது எண்பதில் ஒரு பங்கையும் நில அளவையும் ஒருங்கே குறிக்கும். இடம் நோக்கியே பொருள் கொள்க.

இக்குறிகளை அச்சிட எழுத்துருவில்லை என்னும் சாக்கு இன்று செல்லாது. நாள், மாதம், பற்று, வரவு முதலிய குறிகள் 2003-இலும், முந்திரி முதலிய பின்னங்கள் 2019-இலும் யூனிகோடு தொகுப்பில் இடம்பெற்றுவிட்டன.