ஒரு சமுதாயக் கூடத்தின் வரவு செலவு

40 அடி நீளம், 20 அடி அகலம் கொண்ட ஒரு கிராமச் சமுதாயக் கூடத்தைக் கணக்குக்கு எடுத்துக்கொள்வோம். மொட்டைத் தளம் 800 சதுர அடி, அதாவது 74 சதுர மீட்டர். தமிழ்நாட்டின் சராசரி ஆண்டு மழை சுமார் 920 மில்லிமீட்டர். ஆகவே இந்தத் தளத்தின்மேல் ஆண்டுக்கு ஏறக்குறைய 68,000 லிட்டர் தண்ணீர் விழுகிறது. அதில் கிட்டத்தட்ட பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரை மூன்றே மாதத்தில் கொட்டித் தீர்க்கிறது.

இத்தனை தண்ணீரும் வெளியேற வேண்டியது தளத்தின் மூலையில் இருக்கும் ஒன்றிரண்டு குழாய்கள் வழியாக. வேப்பஞ்சருகும் யாரோ எறிந்த ஒரு பிளாஸ்டிக் டம்ளரும் குழாயின் வாயை அடைத்துவிட்டால் போதும். ஓர் அங்குலத் தண்ணீர் தேங்கினாலே தளத்தின்மேல் 1,900 கிலோ ஏறிவிடும். அந்த எடையைத் தளம் தாங்கிக்கொள்ளும். மாதக்கணக்கில் ஊறும் ஈரம்தான் கெடுக்கிறது. நீர் கசிந்து உள்ளே கம்பியைத் தொடுகிறது. துருப்பிடித்த இரும்பு தன் பருமனைப்போல இரண்டு முதல் ஆறு மடங்கு வரை உப்பும். மேலே இருக்கும் கான்கிரீட்டைப் பிளந்துகொண்டு வெளியே வரும். உட்கூரையில் காரை பெயர்கிறது, கம்பி தெரிகிறது, கைப்பிடிச்சுவர் வெடிப்பில் அரசங்கன்று முளைக்கிறது. கடைசியில் “உள்ளே யாரும் போகாதீங்க” என்று கதவைப் பூட்டிவிடுகிறார்கள். காதுகுத்துக்கும் வளைகாப்புக்கும் ஊர் மறுபடி வாடகை மண்டபத்தைத் தேடிப் போகிறது.

இப்படிப் பூட்டப்படும் கட்டடங்கள் பணமில்லாமல் பூட்டப்பட்டவை என்று சொல்லிவிட முடியாது. வரவுப் பக்கத்தைப் பாருங்கள். சட்டமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி ரூபாய். 234 தொகுதிகளுக்கு 702 கோடி. நாடாளுமன்ற உறுப்பினர் நிதி ஆளுக்கு 5 கோடி. தமிழகத்தின் மக்களவை உறுப்பினர்கள் 39, மாநிலங்களவை உறுப்பினர்கள் 18, ஆக 57 பேருக்கு 285 கோடி. இரண்டும் சேர்ந்து ஆண்டுக்கு 987 கோடி. இதில் சாலை, குடிநீர், பள்ளி எல்லாம் அடக்கம். கூடங்களுக்கு ஒரு பங்குதான். ஆனால் 1993-இல் தொடங்கிய எம்.பி. நிதியின் விதிகளில், பழுதுபார்ப்பும் பராமரிப்பும் நெடுங்காலம் அனுமதியில்லாத பணிகளின் பட்டியலில்தான் இருந்தன. புதிதாகக் கட்டலாம், திறப்பு விழா நடத்தலாம், கல்வெட்டு வைக்கலாம். ஒழுகும் தளத்தை அடைக்க அந்தப் பணத்தைத் தொட முடியாதிருந்தது. நம் பொதுக் கட்டடங்கள் பல சீக்கிரமே பாழாவதற்கு இந்த மனப்போக்குதான் பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

2006-இல் தொடங்கிய அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டம் ஊராட்சிக்குத் தலா 20 லட்சம் தந்தது. அன்றிருந்த 12,618 ஊராட்சிகளுக்கும் சேர்த்து ஐந்தாண்டுகளில் 2,523 கோடிக்கு மேல். நூலகமும் விளையாட்டுத் திடலும் பல ஊர்களுக்கு முதன்முதலாக வந்தது அந்தப் பணத்தில்தான். நல்ல திட்டம். பதினைந்து ஆண்டுகள் கழித்து அதன் இரண்டாம் கட்டம் வந்தபோது, பழைய நூலகக் கட்டடங்களைச் சீரமைப்பதும் அதன் வேலைகளில் ஒன்றாயிற்று.

பழுதுபார்க்கவும் மேம்படுத்தவும் ஊரே முன்வந்து கேட்கக்கூடிய வழி ‘நமக்கு நாமே’ திட்டம். 1997-98-இல் தொடங்கியது, 2011-இல் தன்னிறைவுத் திட்டம் என்று பெயர் மாறியது, 2021-இல் பழைய பெயருக்கே திரும்பியது. மதிப்பீட்டில் பொதுவாகக் குறைந்தது மூன்றில் ஒரு பங்கை மக்கள் தர வேண்டும், மீதியை அரசு தரும். நம் கூடத்துக்கு இதைப் போட்டுப் பார்ப்போம்.

முதலில் அளவு. தளத்துக்கு ஓரடிச் சதுரக் கூல் டைல்ஸ் 800. உடைசலுக்கு ஐந்து சதவீதம் சேர்த்தால் 840. சுவரின் சுற்றளவு 120 அடி, உயரம் 11 அடி. உள்ளும் புறமுமாக 2,640 சதுர அடி. கதவு ஜன்னல் கழித்து 2,300, உட்கூரை 800, ஆக வர்ணம் அடிக்க 3,100 சதுர அடி. உட்கூரையில் மூன்றில் ஒரு பகுதி, சுமார் 25 சதுர மீட்டர், காரை பெயர்ந்திருக்கிறது என்றால் மறுபூச்சுக்கு வேண்டிய சிமெண்ட் மூன்று மூட்டைதான். ஆரம்பத்தில் கவனித்தால் மூன்று மூட்டை. கம்பி அரித்த பிறகு என்றால் தளத்தையே இடித்துப் போட வேண்டும்.

இவற்றோடு கழிப்பறை, வயரிங், சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் எல்லாம் சேர்த்து வேலை மதிப்பு 8 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். ஜி.எஸ்.டி. 18 சதவீதம், 1,44,000. கட்டுமானத் தொழிலாளர் நல நிதிக்கு 1 சதவீதம், 8,000. இது கொத்தனார், சித்தாள் குடும்பங்களுக்குப் போகிற பணம், மனமுவந்து தரலாம். மொத்த எஸ்டிமேட் 9,52,000. மக்கள் பங்கு 3,17,333. இருநூறு குடும்பம் உள்ள ஊரில் வீட்டுக்கு 1,587 ரூபாய். வரியும் நிதியும் சேர்ந்த 1,52,000 என்பது ஊர் திரட்டிய தொகையில் ஏறக்குறைய பாதிக்குச் சமம். அரசுப் பணி ஒப்பந்தங்களுக்கு 2022 ஜூலை வரை 12 சதவீதமாக இருந்த வரி 18 ஆனதால் மட்டும் நம் கூடத்துக்கு 48,000 கூடியிருக்கிறது. மக்கள் தம் கைப்பணத்தைப் போட்டுப் பழுதுபார்க்கும் பொதுக் கட்டடத்துக்காவது இந்த வரியைத் தளர்த்த வேண்டும்.

இன்னொரு விதியை ஊர்கள் கவனிப்பது நல்லது. மக்கள் பங்கு பாதியோ அதற்கு மேலோ இருந்தால் வேலையை அவர்களே எடுத்துச் செய்யலாம், குறைந்தால் டெண்டர். பாதி என்றால் 4,76,000, வீட்டுக்கு 2,380. கூடுதலாக 793 ரூபாய் போட்டால் மேஸ்திரியைத் தேர்ந்தெடுப்பதும் கலவையை நின்று பார்ப்பதும் ஊரின் கையில். வெளிநாட்டிலும் நகரத்திலும் வேலை பார்க்கும் பிள்ளைகள் உள்ள ஊருக்கு இது பெரிய சுமையல்ல. கூலி வேலையை நம்பியிருக்கும் குடியிருப்புக்கு 1,587 ரூபாயே பெரிய சுமை. பங்குத்தொகை கேட்கும் திட்டம் காசுள்ள ஊரைத்தான் முதலில் சென்றடையும். எம்.பி. நிதியில் பட்டியலினத்தவர் வாழும் பகுதிகளுக்கு 15 சதவீதமும் பழங்குடியினர் பகுதிகளுக்கு 7.5 சதவீதமும் ஒதுக்கியாக வேண்டும்; அந்தப் பங்கைக் கேட்டு வாங்க வேண்டியது இங்கேதான்.

ஊராட்சிக்கு நேரடியாக வந்த மானியத்திலும் வழி இருந்தது. 15-ஆவது நிதிக்குழு 2021 முதல் 2026 வரை நாட்டின் ஊரக உள்ளாட்சிகளுக்குப் பரிந்துரைத்தது 2,36,805 கோடி. அதில் 60 சதவீதம் துப்புரவுக்கும் தண்ணீருக்கும் கட்டுப்பட்டது; 40 சதவீதம் ஊரின் தேவைக்கு. கட்டுப்பட்ட பங்கிலேயே மழைநீர் சேகரிப்பும் அடங்கியிருந்தது. தளத்தின் 68,000 லிட்டரைக் குழாய் போட்டுத் தொட்டிக்கோ உறிஞ்சுகுழிக்கோ கொண்டுபோவது தண்ணீர் வேலை. கட்டடத்தைக் காக்கும் வேலையும் அதுவே.

இனி பராமரிப்பு. வீட்டுக்கு மாதம் 10 ரூபாய் என்றால் 200 வீட்டுக்கு ஆண்டுக்கு 24,000, பத்தாண்டில் 2,40,000. பழுது முற்றிய பிறகு ஒரே தடவையில் தர வேண்டிய 3,17,333-ஐவிட இது குறைவு. ஆண்டுக்கு இருமுறை தளம் கூட்டி, குழாய் வாய்க்கு வலை போட்டு, வெடிப்பை அடைத்து, முளைத்த கன்றை வேரோடு பிடுங்க இந்தத் தொகை போதும். விசேஷங்களுக்கு வரும் வாடகையும் உண்டு. அது ஊராட்சியின் பொதுக் கணக்கில் விழுந்து, தெருவிளக்குக்கும் குழாய் உடைப்புக்கும் கரைந்துவிடும். கூடத்தின் வாடகை கூடத்துக்கே என்று ஒரு தீர்மானம் போட்டு, வரவு செலவைக் கூடத்தின் சுவரிலேயே எழுதி வைக்கலாம்.

தேதியும் முக்கியம். கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கிவிடும். ஆகஸ்டில் தீர்மானம் போட்டால் எஸ்டிமேட்டும் ஒப்புதலும் டெண்டரும் முடிவதற்குள் மழை வந்துவிடும். உங்கள் ஊர்க் கூடத்தின் தளத்தில் மழைக்கு முன்பே ஒருவரை ஏறிப் பார்க்கச் சொல்லுங்கள். தளத்தின் சதுர அடி, அடைத்த குழாய்களின் எண்ணிக்கை, பெயர்ந்த காரையின் அளவு, ஆண்டுப் பராமரிப்புத் தொகை இந்த நான்கையும் எழுதி, ஜனவரி 26 அல்லது மார்ச் 22 கூட்டத்தில் தீர்மானமாகப் பதிவு செய்யச் சொல்லிக் கேளுங்கள்.