வலசை வழியே – 9: முழங்கால் தண்ணீர்

கூந்தன்குளத்து வரித்தலை வாத்துகளைப் பற்றிப் போன வாரம் எழுதினேன். உடனே வாசகர்கள் பலரிடமிருந்து ஒரே கேள்வி: தூத்துக்குடியில் பூநாரைக் கூட்டம் பார்க்க எந்தத் தேதிக்கு ரயில் டிக்கெட் போடலாம்? தேதி என்னிடம் இல்லை. தண்ணீர்க் கணக்கு வேண்டுமானால் சொல்கிறேன்.

திருச்செந்தூர் சாலையில் முத்தையாபுரம், முள்ளக்காடு தாண்டினால் உப்பளங்கள் விரிகின்றன. ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை இறங்கியதும் உப்பு வாருவது நின்றுபோகும். அளத்து வேலையை நம்பியவர்களுக்கு அது கையில் காசில்லாத காலம்; அரசு தரும் மழைக்கால நிவாரணம் 5,000 ரூபாய் எத்தனை நாளைக்கு வரும்? பூநாரைக்கோ அப்போதுதான் பந்தி விரிகிறது. அலகைத் தலைகீழாகக் கவிழ்த்து, சேற்று நீரை உறிஞ்சி, அரித்துத் தின்னும் பறவை அது. பாசியும் பொடி இறாலும் இருக்க வேண்டும். தண்ணீரும் அதன் காலுக்கு எட்ட வேண்டும்.

ஒரு டிசம்பரில், மழை விட்ட நாலாம் நாளே பைனாகுலரோடு போய் நின்றேன். பாத்தியெல்லாம் ஒரே வெள்ளக்காடு, ஒரு பறவை இல்லை. வரப்பில் நின்ற அம்மாள் சிரித்தார். “தண்ணி முட்டளவுக்கு எறங்கட்டும் அண்ணாச்சி, பொறவு வாங்க.” மூன்று வாரம் கழித்துப் போனேன். அவர் சொன்ன கணக்கு தப்பவில்லை.

பொதுவாக டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை நல்ல காலம். ஜனவரியில் பாத்திகளைச் சீர்செய்யத் தொடங்குவார்கள். வெயில் ஏற ஏற உப்பு விளையும் பாத்திகளில் பறவைக்கு இரை இருக்காது. கடல்நீரைத் தேக்கி வைத்திருக்கும் பெரிய பரப்புகளில்தான் தேட வேண்டும். ஆனால் இந்தக் கணக்கையும் மழை கவிழ்த்துவிடும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்துக்குள் கிட்டத்தட்ட 95 செ.மீ. கொட்டியது. அந்த வருஷம் பழைய காலண்டரை வைத்துக்கொண்டு யார் என்ன செய்ய முடியும்?

ஆப்பிரிக்காவிலும் இதே கதைதான். செரங்கெட்டியில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வில்டபீஸ்ட்கள் மழைக்குப் பின் முளைக்கும் புல்லைத் தேடி நடக்கின்றன. ஜூலை முதல் செப்டம்பர் வரை மாரா ஆற்றைக் கடக்கும் என்பார்கள். எந்த நாள் என்று மட்டும் எந்த வழிகாட்டியும் சத்தியம் செய்யமாட்டார். லட்சக்கணக்கில் பணம் கட்டிப் போய், ஜீப்பில் உட்கார்ந்து வெறும் கரையைப் பார்த்துத் திரும்புகிறவர்களும் உண்டு. நமக்குப் போனால் பஸ் டிக்கெட்டோடு போகிறது.

பருவம் பார்ப்பது இந்தக் கரைக்குப் புதிதும் இல்லை. முத்துக்குளிப்புக்கு முன் கடலடிப் பாரிலிருந்து மாதிரிச் சிப்பி எடுத்து, முற்றிவிட்டதா என்று சோதிப்பார்கள். வாடை ஓய்ந்து, கச்சான் காற்று கிளம்புவதற்குள், கடல் தெளிந்து கிடக்கும் பங்குனி, சித்திரையை ஒட்டித்தான் குளிப்பு. சிப்பி முற்றவில்லையென்றால் அந்த வருஷம் கிடையாது. அப்படி வருஷக்கணக்கில் காத்துக் கிடந்ததும் உண்டு. தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு நடந்தது 1961இல்.

வருகிறவர்கள் காலை எட்டு மணிக்குள் பார்த்துவிடுங்கள். அதற்குப் பிறகு கானல் எழும்பி, பூநாரை வெறும் இளஞ்சிவப்புக் கலங்கலாகத்தான் தெரியும். சூரியன் கடல் பக்கமிருந்து எழும்புவதால், கடலுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். உப்பளம் ஒருவருடைய பிழைப்பு. அனுமதி கேட்டுவிட்டு உள்ளே போங்கள். கூட்டத்தைப் பறக்கவிட்டுப் படமெடுக்கும் ஆசை எனக்கும் ஒரு காலத்தில் இருந்தது. அத்தனை தூரம் பறந்து வந்த பறவையின் தீனி நேரத்தைத் திருடுகிறோம் என்று உறைத்தபின் விட்டுவிட்டேன்.

தை தவறியவர்கள் மாசியில் மீன்பிடித் துறைமுகத்துப் பக்கம் ஒரு நடை போய், கடற்காகங்களின் தலையைப் பாருங்கள். குளிர்காலம் முழுக்க வெளுத்திருந்த தலை காப்பிக்கொட்டை நிறத்துக்கு மாறிக்கொண்டிருந்தால், அவை மத்திய ஆசியாவுக்குக் கிளம்ப மூட்டை கட்டுகின்றன என்று அர்த்தம். அன்றைக்கே உப்பளத்துக்கு ஆட்டோ பிடித்துவிடுங்கள்.

(தொடரும்)