கொள்ளைநோயும் கம்பனி உடன்படிக்கையும்

கொடுத்த வாக்கைக் காத்தல் வேண்டும் என்பது அறநூலுக்கும் சட்டநூலுக்கும் பொதுவான விதி. ஆயின், மனித ஆற்றலுக்கு அப்பாற்பட்ட தடையொன்று குறுக்கிடின் வாக்களித்தவன் கடமை யாதாகும்? 2020ஆம் ஆண்டில் உலகெங்கும் பரவிய கொரோனாப் பெருந்தொற்று இவ்வினாவை வணிகர் அனைவர் முன்னும் வைத்தது.

நம் நாட்டு ஒப்பந்தச் சட்டத்துக்கு அடிப்படையாயுள்ள உரோமன்-டச்சுச் சட்டம் இத்தகைய தடையை ‘விஸ் மேஜர்’ என்னும். பிரெஞ்சு வழக்கில் இது ‘ஃபோர்ஸ் மஜ்யூர்’ எனப்படும். படுவான்கரையார்க்கு இதனை எளிதில் விளக்கலாம். பழுகாமத்து வயலொன்றை ஒருவன் குத்தகைக்கு எடுத்தான் எனக் கொள்வோம். 1978 நவம்பர் 23இல் மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளி போன்றதொன்றால் வயலின் பயனை அவன் முற்றாக இழப்பின், குத்தகையிற் கழிவு கேட்க அச்சட்டம் இடந்தரும். நெல்விலை வீழ்ந்தமையால் நட்டமுற்றேன் என்பானாயின் இடந்தராது. இயலாமை வேறு, ஆதாயமின்மை வேறு.

கம்பனியொன்றை மற்றொன்று வாங்கும்போது சிக்கல் மிகுகின்றது. கையொப்பமிடும் நாளுக்கும் உரிமை கைமாறும் நாளுக்குமிடையே திங்கள் பல கழியலாம். அவ்விடைக்காலத்திற் கொள்ளைநோய் தோன்றிக் கம்பனியின் மதிப்புக் குன்றின் நட்டம் யாரைச் சாரும்? இவ்வகை உடன்படிக்கைகளில் ‘ஃபோர்ஸ் மஜ்யூர்’ வாசகம் தனியே இடம்பெறுதல் அரிது. ‘பாரதூரமான பாதக மாற்றம்’ நேரின் வாங்குவோர் விலகலாம் என்னும் வாசகமே பெரும்பாலும் அவ்விடத்தில் நிற்கும். போர், பொருளாதார வீழ்ச்சி, இயற்கை அனர்த்தம் முதலிய பொதுத் தீங்குகளை அவ்வாசகத்தினின்றும் நீக்கி வைத்தலும் வழக்கம். அவ்வாறு நீக்கப்பட்டவற்றின் சுமை வாங்குவோரையே சாரும்.

அமெரிக்காவின் டெலவெயர் மாநில வழக்குகள் இரண்டு இதனைத் தெளிவாக்கும். 2019 செப்டெம்பரில், பதினைந்து ஆடம்பர ஹோட்டல்களை 580 கோடி டொலருக்கு வாங்கக் கொரிய நிறுவனமாகிய மிரே இசைந்தது. பெருந்தொற்று வந்ததும் விற்போர் இரு ஹோட்டல்களை மூடி, ஏனையவற்றிற் சேவைகளையும் ஊழியரையும் பெரிதுங் குறைத்தனர். நீக்கப்பட்ட தீங்குகளுள் ஒன்றான ‘பேரிடர்’ என்பதனுள் பெருந்தொற்றும் அடங்குமாதலின், பாதக மாற்றத்தைக் காட்டி வாங்குவோர் விலக இயலாது என 2020 நவம்பரில் நீதிமன்றம் கூறிற்று. எனினும், தொழிலை முன்னைய வழமைப்படியே நடத்துவோம் என்ற பிறிதொரு வாக்கினை, வாங்குவோர் இசைவு பெறாதே விற்போர் மீறியமையால், வாங்குவோர் விடுவிக்கப்பட்டனர். 2021 டிசெம்பரில் மாநில உச்ச நீதிமன்றமும் இதனை உறுதிசெய்தது.

மற்றையது, கேக் அலங்காரப் பொருள் விற்கும் டெக்கோபாக் கம்பனியைப் பற்றியது. அதனை 55 கோடி டொலருக்கு வாங்க 2020 மார்ச்சில் உடன்பட்ட கோல்பேர்க் நிறுவனத்தார், விற்பனை சரிந்ததும் பின்வாங்கினர். சரிவு நிலையானதன்று, விற்பனை மீளத் தொடங்கிவிட்டது என்றும், கடன் கிடைக்காமைக்கு வாங்குவோர் தம் செயலே காரணமாயிற்று என்றும் கண்ட அதே நீதிமன்றம், 2021 ஏப்ரலில், வாங்கியே தீரவேண்டும் எனக் கட்டளையிட்டது.

நோய் ஒன்று, மன்றமும் ஒன்று, முடிபுகளோ இரண்டு. ஆகவே முடிபை நிர்ணயித்தது நோயன்று. எழுதிய சொல்லும் நடந்துகொண்ட முறையுமே என்பது பெறப்படும். எத்தீங்குகள் அடங்கும், சுமை யாருடையது, இடர்க்காலத்தில் வழமையினின்றும் விலக யார் இசைவு வேண்டும் என்பவற்றை நல்ல காலத்திலேயே தெளிவுற எழுதிக்கொள்ளுதல், கோடி டொலர் வணிகர்க்கேயன்றி ஒரு போகத்துக்கு வயல் எடுப்பார்க்கும் காப்பாகும்.