பாறை மாவு கரைத்த நீலம்: டெக்காப்போ ஏரியும் அதன் அறிவியலும்

விடுமுறை முடிந்து பள்ளி திறந்த முதல் வாரம். படிவம் நான்கு மாணவி ஒருத்தி நியூசிலாந்துக்குக் குடும்பத்தோடு சென்று வந்த படங்களை வகுப்பில் காட்டினாள். மலைகளுக்கு நடுவே ஓர் ஏரி. அதன் நீர் நாம் பார்த்துப் பழகிய நீலமும் இல்லை, பச்சையும் இல்லை. பாலில் நீலச் சாயத்தைக் கலக்கியது போன்ற ஒரு நிறம். "இது ஃபில்டர் போட்ட படம்தானே, டீச்சர்?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. "இல்லை, உண்மையிலேயே அப்படித்தான் இருந்தது" என்று அவள் அடித்துச் சொன்னாள்.

பிறகு அவள் சொன்ன இன்னொரு செய்திதான் என்னை யோசிக்க வைத்தது. "எங்க மாமா நல்லா நீந்துவார், டீச்சர். ஆசைப்பட்டு அந்த ஏரியில் குதித்தார். கரையேறியபோது அவரால் பேசவே முடியவில்லை. மூச்சு மட்டும் வாங்கிக்கொண்டே இருந்தது."

நீருக்கு அந்த நிறம் எப்படி வந்தது? நன்றாக நீந்தத் தெரிந்தவர் ஏன் திணறினார்? இந்த இரண்டு கேள்விகளுக்கும் விடை ஓரிடத்தில்தான் தொடங்குகிறது. அதன் பெயர் பனியாறு.

பனியாறு அரைத்த மாவு

டெக்காப்போ ஏரி நியூசிலாந்தின் தென்தீவில், மெக்கென்சி வடிநிலத்தில் இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 710 மீட்டர் உயரம். கடைசிப் பனியுகத்தில் இந்தப் பள்ளத்தாக்கு முழுவதையும் ஒரு பெரும் பனியாறு அடைத்துக்கொண்டிருந்தது. அது மெல்ல நகர்ந்து நிலத்தைக் குடைந்தது. முன்னால் தள்ளிக்கொண்டு வந்த கல்லையும் மண்ணையும் ஓர் அணைபோலக் குவித்தது. பனி உருகிப் பின்வாங்கியபோது அந்த அணைக்குப் பின்னால் நீர் தேங்கியது. அதுதான் இன்றைய ஏரி.

வடக்கே உள்ள மலைகளில் இன்றும் பனியாறுகள் இருக்கின்றன. அவற்றின் அடியில் சிக்கிய கற்கள் ஒன்றோடொன்று உரசி, அம்மியில் அரைபடுவதுபோல் அரைபடுகின்றன. அப்படி உண்டாகும் மிக நுண்ணிய தூளைப் 'பாறை மாவு' என்கிறார்கள். பனி உருகிய நீரோடு சேர்ந்து, காட்லி ஆறு வழியாக இந்தத் தூள் ஏரிக்கு வருகிறது.

மணலை ஒரு குவளை நீரில் போட்டால் சில நொடிகளில் அடியில் படிந்துவிடும். பாறை மாவு அப்படிப் படிவதில்லை. துகள்கள் மிகச் சிறியவை என்பதால் நெடுநாள் நீரில் மிதந்துகொண்டே இருக்கும். சூரிய ஒளி ஏரிக்குள் நுழையும்போது அதிலுள்ள சிவப்பு நிறத்தை நீர் உறிஞ்சிக்கொள்கிறது. எஞ்சிய நீலத்தையும் பச்சையையும் பாறை மாவுத் துகள்கள் சிதறடித்து நம் கண்ணுக்குத் திருப்பி அனுப்புகின்றன. அதனால்தான் அந்தப் பால்நீலம்.

இதைச் சரிபார்க்க இயற்கையே ஒரு பரிசோதனையைத் தயார் செய்து வைத்திருக்கிறது. ஏரியின் மேற்குக் கரையில் ஜான் குன்று இருக்கிறது. அதன் உச்சி ஏரிமட்டத்திலிருந்து ஏறக்குறைய 300 மீட்டர் உயரம், நடந்தே ஏறலாம். மேலே நின்றால் ஒரு பக்கம் டெக்காப்போ, மறுபக்கம் அலெக்சாண்ட்ரினா என்னும் சிறிய ஏரி. இரண்டுக்கும் ஒரே வானம், ஒரே வெயில். ஆனால் அலெக்சாண்ட்ரினாவில் பால்நீலம் இல்லை. அதன் நீர் தெளிந்த கருநீலம். காரணம், அதற்குப் பனியாற்று நீர் வருவதில்லை. மற்றவை ஒன்றாக இருக்க, ஒரே ஒரு மாறி மட்டும் வேறுபடுகிறது. அறிவியல் பாடத்தில் நாம் படிக்கும் 'கட்டுப்படுத்தப்பட்ட பரிசோதனை' இதுதான்.

வீட்டிலும் செய்து பார்க்கலாம். கண்ணாடிக் குவளையில் நீர் நிரப்பி இரண்டு மூன்று சொட்டுப் பால் விடுங்கள். அறையை இருட்டாக்கிப் பக்கவாட்டில் கைவிளக்கை அடியுங்கள். ஒளிக்கற்றையைப் பக்கத்திலிருந்து பார்த்தால் இலேசான நீலச் சாயல் தெரியும். விளக்குக்கு நேர் எதிரே இருந்து பார்த்தால் ஒளி மஞ்சளாகத் தெரியும். நுண்துகள்கள் நீலத்தை அதிகமாகச் சிதறடிப்பதே இதற்குக் காரணம்.

நீச்சல் தெரிந்தவரும் ஏன் திணறுகிறார்?

இப்போது மாமாவின் கதைக்கு வருவோம். நிறத்தைக் கொண்டுவந்த அதே பனியாற்று நீர்தான் குளிரையும் கொண்டுவருகிறது. நம் நாட்டுக் கடல்நீர் ஆண்டு முழுவதும் 28 முதல் 30 பாகை செல்சியஸ் வரை இருக்கும். அதில் நீந்திப் பழகிய உடலுக்கு மலை ஏரியின் குளிர் முற்றிலும் புதியது.

நீர் காற்றைவிட ஏறத்தாழ 24 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். அதனால் 15 பாகைக் காற்றில் சாதாரணமாக நிற்கும் ஒருவர், 15 பாகை நீரில் சில நிமிடங்களில் நடுங்கத் தொடங்குகிறார். குளிர்நீரில் திடீரென விழுபவருக்கு நடப்பதை நிபுணர்கள் '1–10–1' என்று எளிதாக நினைவில் வைக்கச் சொல்கிறார்கள்.

முதல் 1 நிமிடம்: தோலில் உள்ள குளிர் உணர்விகள் மூளைக்கு அவசரச் செய்தி அனுப்புகின்றன. நம் விருப்பத்தைக் கேட்காமலே உடல் பெரிதாக மூச்சை இழுக்கிறது. அந்த நொடியில் தலை நீருக்குள் இருந்தால் காற்றுக்குப் பதில் தண்ணீர்தான் நுரையீரலுக்குள் போகும். இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் ஏறுகின்றன. இது அனிச்சைச் செயல். நீச்சல் திறமையால் இதை நிறுத்த முடியாது.

அடுத்த 10 நிமிடம்: கைகால் தசைகளும் நரம்புகளும் குளிர்ந்து வலுவிழக்கின்றன. கயிற்றைப் பிடிக்கவோ படகில் ஏறவோ விரல்கள் ஒத்துழைக்காது.

ஏறத்தாழ 1 மணி நேரம்: உடலின் உள்வெப்பம் ஆபத்தான அளவுக்குக் குறைந்து நினைவு தப்பலாம்.

இந்த வரிசையைக் கவனியுங்கள். 'குளிரில் விறைத்துச் சாவது' கடைசியில்தான் வருகிறது. ஆனால் பலர் முதல் நிமிடத்திலேயே உயிரிழக்கிறார்கள். ஆகவே எதிர்பாராமல் விழுந்துவிட்டால் உடனே நீந்த முயலாதீர்கள். மல்லாந்து மிதந்து, வாயும் மூக்கும் நீருக்கு மேலே இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். மூச்சு சீராகும் வரை காத்திருங்கள். பிறகே கரையையோ படகையோ நோக்கிச் செல்லுங்கள். உயிர்காப்பு அங்கி அணிந்திருந்தால் அந்த முதல் நிமிடத்தை அது உங்களுக்காகக் கடத்திவிடும். கயாக்கில் ஏறும் முன்பே அதை மாட்டிக்கொள்ள வேண்டும். தண்ணீரில் விழுந்த பிறகு மாட்டலாம் என்று நினைப்பது வீண்.

காலையில் கண்ணாடி, மாலையில் அலை

கயாக் ஓட்டப் போகிறவர்கள் இன்னொன்றையும் அறிய வேண்டும். காலையில் கண்ணாடிபோல் கிடக்கும் ஏரி, மாலைக்குள் அலை அடிக்கும் கடலாகலாம். இதற்குக் காரணம் மேற்கே சுவர்போல் நிற்கும் தெற்கு ஆல்ப்ஸ் மலைத்தொடர்.

தாஸ்மன் கடலிலிருந்து வரும் ஈரக்காற்று மலைமேல் ஏறுகிறது. ஏறும்போது குளிர்ந்து மழையைக் கொட்டுகிறது. மழை பெய்யும் காற்று 1000 மீட்டருக்கு ஏறத்தாழ 6 பாகை மட்டுமே குளிரும். ஏனெனில் நீராவி நீராகும்போது வெப்பத்தை வெளியிடுகிறது. ஈரத்தை இழந்த அந்தக் காற்று மறுபக்கம் இறங்கும்போது 1000 மீட்டருக்கு ஏறத்தாழ 10 பாகை சூடேறும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். கடற்கரையில் 18 பாகையில் இருக்கும் ஈரக்காற்று 2000 மீட்டர் ஏறினால் 6 பாகையாகிறது. அங்கிருந்து 700 மீட்டர் உயரத்திலுள்ள டெக்காப்போவுக்கு 1300 மீட்டர் இறங்கினால் 13 பாகை கூடி 19 பாகையாகிறது. மலைமேல் உள்ள ஊர் கடற்கரையைவிடச் சூடாகிவிட்டது! 'வடமேற்குக் காற்று' என்று அங்குள்ளவர்கள் சொல்லும் இது சில நேரம் புயல் வேகத்தில் வீசும். வெயில் அடிக்கிறதே என்று நம்பி நடு ஏரிக்குப் போகக்கூடாது. வானிலை அறிவிப்பைப் பார்த்து, காலையிலேயே, கரையோரமாகச் செல்வதே நல்லது.

குளிர்ந்த காற்று இன்னொரு வகையிலும் ஏமாற்றும். உடலுக்குச் சூடு தெரியாததால் வெயில் சுடாது என்று நினைப்போம். தோலைச் சுடுவது புற ஊதாக் கதிர். அதை நம்மால் உணர முடியாது. உயரம் 1000 மீட்டர் கூடினால் அது ஏறத்தாழ 10 விழுக்காடு கூடும். புதிதாகப் பெய்த பனி அதில் 80 விழுக்காடு வரை திருப்பி அனுப்பும். ஆகவே குளிர்காலத்திலும் வெயில்காப்புக் களிம்பும் கறுப்புக் கண்ணாடியும் பையில் இருக்கட்டும்.

அழகான பூ, ஆபத்தான விருந்தாளி

நவம்பர், டிசம்பர் மாதங்களில் ஏரிக்கரையில் ஊதாவும் இளஞ்சிவப்புமாக லூப்பின் பூக்கள் மலர்ந்திருக்கும். 1935-இல் கட்டப்பட்ட சிறிய கல் தேவாலயமும் இந்தப் பூக்களும் சேர்ந்த படத்தைப் பயண விளம்பரங்களில் பார்த்திருப்பீர்கள். ஆனால் லூப்பின் நியூசிலாந்துக்கு உரியதன்று. வட அமெரிக்கச் செடி.

இங்குள்ள ஆறுகள் அகன்ற கூழாங்கல் படுகையில் பல பிரிவாக ஓடுகின்றன. 'காக்கி' என்று மாவோரி மக்கள் அழைக்கும் கருப்பு நெடுங்கால் உள்ளான் அந்தத் திறந்த கூழாங்கல் வெளியில்தான் முட்டையிடும். லூப்பின் அங்கே வேர்விட்டால் திறந்தவெளி புதராகிறது. பூனை, மரநாய் போன்றவை ஒளிந்திருந்து முட்டையையும் குஞ்சையும் தின்ன வசதியாகிறது. 1981-இல் இந்தப் பறவைகளில் முதிர்ந்தவை வெறும் 23 மட்டுமே எஞ்சியிருந்தன. கூண்டில் குஞ்சு பொரித்து வளர்த்து விடுவதால் இப்போது எண்ணிக்கை மெல்ல உயர்ந்து வருகிறது. பூவைப் படம் எடுங்கள். விதையை மட்டும் காலணியிலோ பையிலோ சுமந்து செல்லாதீர்கள்.

இரவில் விளக்கை அணையுங்கள்

டெக்காப்போவின் இன்னொரு காட்சி, பொழுது சாய்ந்த பிறகு தொடங்குகிறது. ஜான் குன்றின் உச்சியில் கேன்டர்பரி பல்கலைக்கழகத்தின் வானாய்வகம் 1965 முதல் இருக்கிறது. அதன் தொலைநோக்கிகளுக்கு இடையூறு வராதிருக்க, 1980-களின் தொடக்கத்திலேயே தெருவிளக்குகளுக்கு விதிகள் வகுத்தார்கள். விளக்கின் ஒளி கீழ்நோக்கி மட்டும் விழ வேண்டும். 2012-இல் இந்த வட்டாரத்தில் 4,300 சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்ட பரப்பு அனைத்துலக இருள்வானக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது.

நம் ஊரில் அடிவானத்தை ஒட்டியே வந்து போகும் இரண்டு மெகல்லன் மேகங்கள் அங்கு மறைவதே இல்லை. மேகம் என்று பெயர் இருந்தாலும் அவை நம் பால்வெளிக்கு அருகிலுள்ள சிறிய விண்மீன் மண்டலங்கள். பெரியதிலிருந்து ஒளி நம்மை வந்தடைய ஏறத்தாழ 1,60,000 ஆண்டுகள் ஆகும். அதைப் பார்க்கத் தொலைநோக்கி வேண்டாம். கைப்பேசியை அணைத்துவிட்டு 20 நிமிடம் இருட்டில் நின்றால் போதும், கண் பழகிவிடும்.

வகுப்பு முடிந்ததும் அந்த மாணவி கேட்டாள்: "அடுத்த முறை போனால் மாமா குதிக்கவே கூடாதா, டீச்சர்?" குதிக்கக்கூடாது என்றுதான் சொன்னேன். ஆனால் உயிர்காப்பு அங்கி அணிந்து, காற்று அடங்கிய காலையில், கரையோரமாகக் கயாக் ஓட்டலாம். துடுப்பில் வழியும் நீரை உள்ளங்கையில் ஏந்திப் பார்க்கலாம். கையில் அது வெறும் தண்ணீராகத்தான் தெரியும். அதற்குள் ஒரு மலையின் தூள் மிதப்பது மாமாவுக்குத் தெரியாவிட்டால், நீயே சொல்லிக் கொடு என்றேன்.