படம் முதலில் பேசட்டும்

நம் இல்லங்களில் ஒரு குறை உண்டு. குழந்தை தமிழ் பேசும். தமிழ் எழுத்தைக் கண்டாலோ முகத்தைத் திருப்பிக்கொள்ளும். பள்ளியில் இந்தியும் ஆங்கிலமும் பயிலும் பிள்ளைக்கு, வாரம் ஒரு மணி நேரத் தமிழ் வகுப்பு கசப்பு மருந்தாகிவிடலாகாது அன்றோ? அதற்குக் கைகண்ட துணை படக்கதைப் புத்தகம்.

இது புதிய வழியன்று. கொமேனியஸ் என்னும் கல்வியாளர் 1658-ஆம் ஆண்டில், இலத்தீனையும் ஜெர்மன் மொழியையும் படங்களோடு இணைத்துச் சிறுவர்க்கு ஒரு நூல் அளித்தார். அவரும் தாயகமாகிய மொராவியாவை விட்டு அயல்நாடுகளில் வாழ்ந்தவரே.

எங்கள் ஞாயிறு வகுப்பில் கையாளும் முறை இது. முதலில் எழுத்துகளைத் தாளால் மறைத்துப் படத்தை மட்டும் காட்டுகிறோம். “என்ன நடக்கிறது? ஏன் அப்படி எண்ணுகிறாய்?” என்னும் இரண்டு வினாக்களே போதும். ஒரு நாள் ஏழு வயதுச் சிறுவன், “பந்தர் மரத்துமேல ஒளிஞ்சிருக்கு” என்றான். இந்திச் சொல் கேட்டுப் பிறர் சிரிக்குமுன், “ஆம், குரங்கு ஒளிந்திருக்கிறது, யாருக்கு அஞ்சி?” என்றார் ஆசிரியை. அடுத்த விடையில் அவனே ‘குரங்கு’ என்றான். திருத்தமும் நிகழ்ந்தது, அவன் மனமும் புண்படவில்லை.

அடுத்து, பக்கம் புரட்டுமுன் சற்று நிறுத்தி, இனி என்ன நேரும் என்று ஊகிக்கச் செய்கிறோம். பிறகு நான்கு படங்களை அட்டைகளில் வரைந்து, கலைத்துக் கொடுத்து, வரிசைப்படுத்தச் சொல்கிறோம். வரிசை மாறினால் கதையும் மாறும். வாதம் தமிழிலேயே நடக்கும். அதன் பின்னரே தாளை அகற்றி உரக்கப் படிக்கிறோம். செவிக்குப் பழகிய சொற்களைக் கண் எளிதில் இனங்காணும். முடிவில் ஒவ்வொருவரும் ஒரு படம் வரைந்து ஒரு வரி எழுதுவர். அவற்றைச் சேர்த்துத் தைத்தால் அதுவே அடுத்த வாரப் பாடநூல்!

நூல்களுக்குப் பஞ்சமில்லை. சென்னைத் துலிகா பதிப்பகம் இருமொழிப் படநூல்களை வெளியிட்டு வருகிறது. பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ‘ஸ்டோரிவீவர்’ இணையத்தளத்தில் தமிழ்க் கதைகள் இலவசமாகவே கிடைக்கின்றன.

பெற்றோர்க்கு ஒரு வேண்டுகோள். வீட்டில் இதைத் தேர்வாக்கிவிடாதீர்கள். அச்சிறுவன் தன் படத்தின்கீழ், ‘குரஙகு வீட்டுக்குப் போனது’ என்று எழுதினான். ஒரு புள்ளி விடுபட்டிருந்தது. அவன் எழுதிய முதல் தமிழ் வாக்கியம் அது. புள்ளியை மறுவாரம் வைத்துக்கொண்டோம்.